பிரிக்காத பொட்டலம்

இதை எழுத உட்கார்ந்து, எழுதாமல் எழுந்து போனது எத்தனை தடவை என்று எனக்கே தெரியாது. நோட்டு வாங்கிப் பல வருஷம் ஆகிறது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி மட்டும் போட்டு மூடி வைத்திருந்தேன். நடுவில் பேத்தி அதில் ஒரு மயிலும் இரண்டு தென்னை மரமும் வரைந்துவிட்டாள். எட்டாவது வரை படித்தவன் நான். பிழை வருமே என்று தயங்கவில்லை. எழுதினால் சாமிக்கு ஆகாதோ, தம்பிக்கு ஆகாதோ என்று மாற்றி மாற்றி நினைத்தே காலம் போய்விட்டது. உண்மை அது இல்லை. எழுதினால் எனக்கு ஆகாது. அதுதான் காரணம்.

இன்று காலையில் குளித்து, விளக்குப் போட்டு, அம்மனைக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். இதற்குள் இரண்டு தடவை எழுந்து வாசல்வரை போய் வந்தாயிற்று.

எங்கள் ஊர் எருமப்பட்டிக்குப் பக்கம். எழுபதுகளில் அங்கே காலையில் பால் ஊற்றிவிட்டு வருகிறவர்கள் எல்லாரும் டீக்கடையில் கூடுவார்கள். கடைக்கு ஒரே பேப்பர். அதை உரக்கப் படிக்கிற வேலை எனக்கு அமைந்துவிட்டது. மார்கழி பஜனையில் பாடிப் பழகிய குரல். நன்றாகக் கேட்கும். படிப்பதோடு நிறுத்தியிருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. ஒவ்வொரு செய்திக்கும் கீழே என் அபிப்பிராயத்தையும் சேர்த்துப் படிப்பேன். ராக்கெட் விட்டார்கள் என்று வந்தால், "மேல போக வழி கண்டுபுடிச்சவன் கெணத்துல தண்ணி ஊற வழி கண்டுபுடிக்கலையே" என்பேன். எங்கோ ஒரு பணக்காரன் வீட்டுக் கல்யாணச் செய்தி வந்தால், வேகமாக வந்த செல்வத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசுவேன். டீ ஆறிப்போகும். கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள். தலையாட்டத் தலையாட்ட எனக்கு இன்னும் பேச வரும்.

அப்போது திருச்செங்கோட்டுப் பக்கத்தில் ரிக்கு வண்டி பெருகிக்கொண்டிருந்த காலம். லாரியின் முதுகில் இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று போய் ஆழ்குழாய்க் கிணறு போட்டுக் கொடுக்கிற தொழில். போனவர்கள் மணிக்கட்டில் கடிகாரத்தோடு திரும்பி வந்தார்கள். ரிக்கைப் பற்றி என் அபிப்பிராயம் ரொம்பக் கடுமையானது. பூமாதேவியின் வயிற்றில் ஊசி குத்துகிற தொழில், அதில் வருகிற காசு மூன்று தலைமுறைக்கு நிற்காது என்று அடித்துச் சொல்வேன். என்னை எதிர்த்துப் பேச அந்தக் கடையில் ஒரே ஒரு ஆள் இருந்தார். வடக்கே லாரி ஓட்டி, இடுப்பு வலி வந்து ஊரோடு தங்கிவிட்ட டிரைவர்.

"ஏனுங்க, நீங்க நாமக்கல் போற பஸ்ஸும் மிசினுதானுங்க. அதுல ஏறுறப்ப பாவம் ஒட்டலீங்களா?" என்பார்.

"அது சர்க்கார் பஸ்ஸுங்க. பாவம் சர்க்காருக்கு."

கடை சிரிக்கும். அவரும் சிரிப்பார். ஆனால் விடமாட்டார். "இருக்கட்டுமுங்க. உங்க ஊட்டுக்குள்ள ஒரு நாளைக்கு மிசின் வரும். அன்னைக்கு இதே பெஞ்சில உக்காந்து நீங்க என்ன படிக்கறீங்கன்னு நான் கேக்காமச் சாக மாட்டேன்."

வீட்டிலும் எனக்கு எதிர்க்கட்சி உண்டு. என் சம்சாரம் மாவாட்டுகிற கிரைண்டர் வேண்டும் என்று கேட்டாள். ஆட்டுக்கல் மாவுக்குத்தான் ருசி, உடம்புக்கும் நல்லது என்று டீக்கடையில் சொன்னதையே அவளிடமும் சொன்னேன். ஊறின அரிசியைக் கொண்டுவந்து கல்லுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"டீக்கடையில பேச வாயி மட்டும் போதும். இதுக்குக் கை வேணும். சித்தெ ஆட்டிப் பாருங்க, ருசி எங்கிருந்து வருதுன்னு தெரியும்."

கால்படி கூட ஆட்டவில்லை. எருது கட்டுத்தறியை விட்டு அவிழ்ந்துகொண்டது போலச் சத்தம் கேட்கிறது என்று சொல்லி எழுந்து போய்விட்டேன். எருது படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

எனக்கு ஒரே தம்பி. ஆறு வயது இளையவன். அப்பா காலமான பிறகு விவசாயக் காட்டைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். கிணற்றைப் பிரிக்க முடியாதே. ஒரு நாள் அவன் இறைப்பான், ஒரு நாள் நான். வீடும் பக்கத்துப் பக்கத்து வீடு. அவன் என்னை மறுத்து ஒரு வார்த்தை பேசினவன் இல்லை. பேசத் தெரியாதவன் என்று நினைத்துவிட வேண்டாம். என்னைவிட நறுக்கென்று பேசுவான். என்னிடம் பேசமாட்டான், அவ்வளவுதான்.

அவன் சம்சாரத்தின் அண்ணன், அதாவது அவனுடைய மச்சான், திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். எழுபதுகளின் கடைசியில் ஒரு நாள் அவர் வந்து, ரிக்கு ஒன்று வாங்குவதாகவும் தம்பியும் பங்கு சேர்ந்து கூடவே வடக்கே வரவேண்டும் என்றும் கேட்டார். தம்பிக்கு ஆசை வந்துவிட்டது. அவன் ஆசைப்பட்டு நான் பார்த்ததே அந்த ஒரு தடவைதான். அடுத்த நாள், எருது பூட்டி நீர் இறைக்கிற கவலையின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே என்னிடம் சொன்னான்.

"ண்ணா, கெணத்துல ரெண்டு மொழம் தண்ணி. அதுல பாதி உங்களுக்கு, பாதி எனக்கு. நான் போயிட்டா முழுசும் உங்களுக்கு ஆகுமுங்ண்ணா. நாலு வருசம். அப்பறம் வந்து பண்ணையம் பாக்கறேன்."

"எருதை என்ன பண்ணுவே?"

"வித்துத்தானுங்ண்ணா பங்குக்குக் குடுக்கோணும். அவ நகையும் தாரேன்னு சொல்லீட்டா."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க டீக்கடைக்குத்தான் போனேன். எனக்கு முன்னால் செய்தி போய்விட்டிருந்தது. டிரைவர் பேப்பரை மடித்து என் கையில் கொடுத்தார்.

"இந்தாங்க, படிங்க. உங்க தம்பியே ரிக்கு ஏறப் போறாராமா. பூமாதேவி வயித்துல ஊசி குத்த உங்க ஊட்டுல இருந்தே ஆளு கெளம்பியாச்சு. அதுக்குக் கீழ இன்னைக்கு என்ன அபிப்பிராயமுங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனால் அன்று ஒரு வரிகூட என்னால் சரியாகப் படிக்க முடியவில்லை. டீயைக் குடிக்காமல் வந்துவிட்டேன். வரும் வழியெல்லாம் வாய்க்குள் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒரு பதிலும் சரியாக அமையவில்லை. வீட்டுக்கு வந்ததும் தம்பியைக் கூப்பிட்டு, "அம்மன்கிட்டப் பூக் கேட்டுப்போடலாம்" என்றேன்.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. "அது போதுமுங்ண்ணா. ஆத்தா வெள்ளையக் குடுத்தாப் போறேன். செவப்பு உழுந்தா அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

வெளியூர்க்காரர்களுக்காகப் பூக் கேட்பது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். ஒரு வெள்ளைப் பூ, ஒரு சிவப்புப் பூ. இரண்டையும் தனித்தனியாகப் பூவரச இலையில் வைத்து, வெளியே தெரியாமல் மடித்து, வாழை நாரால் ஒரே மாதிரி கட்டவேண்டும். எங்கள் கோயிலில் பூசாரி கட்டமாட்டார். கேட்கிற குடும்பத்தில் மூத்த ஆள்தான் கோயிலுக்குப் பின்னால், யாரும் பார்க்காமல் கட்டி எடுத்து வரவேண்டும். பூசாரி இரண்டையும் குலுக்கி அம்மன் காலடியில் போடுவார். ஒரு சின்னக் குழந்தை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் உத்தரவு ஆயிற்று. சிவப்பு வந்தால் இல்லை. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. சாமி சொல்லாததைத் தெரிந்துகொள்ள மனுஷனுக்குப் பாத்தியதை இல்லை என்பார்கள். அதை அப்படியே கோயில் கிணற்றில் போட்டுவிடவேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை. கோயிலுக்குப் பின்னால் கிணற்று மேட்டில் உட்கார்ந்தேன். நந்தியாவட்டை ஒன்று, செவ்வரளி ஒரு கொத்து. செவ்வரளியைக் கிள்ளி ஓர் இலையில் வைத்துக் கட்டினேன். அடுத்த இலையை எடுத்து மடியில் விரித்தேன். வெள்ளைப் பூ கையில் இருந்தது.

அந்த இடத்தில் நான் எவ்வளவு நேரம் இருந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. தம்பி போனால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை. அவன் நல்லதுக்காகத்தான் செய்தேன் என்று பிற்பாடு எனக்கு நானே பல தடவை சொல்லிக்கொண்டதுண்டு. அதுவும் பொய். டிரைவர் பேப்பரை மடித்து நீட்டிய விதம்தான் கண்ணுக்குள் இருந்தது. வெள்ளைப் பூவை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டேன். கொத்திலிருந்து இன்னொரு செவ்வரளியைக் கிள்ளி இரண்டாவது இலையிலும் வைத்துக் கட்டினேன்.

தம்பியின் மகள்தான் எடுத்தாள். அப்போது அவளுக்கு ஐந்து வயது. குனிந்து, எதை எடுப்பது என்று ரொம்ப நேரம் பார்த்தாள். பூசாரி பிரித்தார். சிவப்பு. தம்பி இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்துக் கண்ணை மூடிக்கொண்டான். திறந்தபோது முகத்தில் ஒன்றும் இல்லை. "செரி. ஆத்தா சொல்லீட்டா" என்றான். அவன் சம்சாரம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். குழந்தை என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"செவப்பு நல்லதுங்களா பெரியப்பா?"

"நல்லதுதான் சாமி" என்றேன்.

மிச்சப் பொட்டலத்தை நானே கொண்டுபோய்க் கிணற்றில் போட்டேன். மடியில் இருந்த பூவை என்ன செய்வது என்று தெரியவில்லை. சாமிக்கென்று பறித்த பூவைக் கீழே போட மனம் வரவில்லை. அம்மனையே ஏமாற்றிவிட்டு வந்தவனுக்குப் பூவைத் தரையில் போடப் பயம். வீட்டுக்கு வந்து சாமி படத்துக்கு வைத்தேன். என் சம்சாரம் பார்த்துவிட்டு, "ஒத்தப் பூவு ஏதுங்க?" என்று கேட்டாள். கோயிலில் கொடுத்தது என்றேன். அவள் பூவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அதைப் பற்றிப் பிறகு கேட்கவே இல்லை.

மறுநாள் டீக்கடையில் நான்தான் ஜெயித்தவன். டிரைவர்கூட, "ஆத்தா சொன்னா அப்பீல் இல்லீங்க" என்று ஒதுங்கிக்கொண்டார். பேப்பரை விரித்துப் படித்தேன். குரல் கணீரென்றுதான் வந்தது.

தம்பியின் பங்கை வேறொருவர் எடுத்துக்கொண்டு, மச்சானோடு வடக்கே போனார். முதல் இரண்டு வருஷம் நல்ல செய்தியாகவே வந்தது. பொங்கலுக்கு மச்சான் ரேடியோவும் டேப்பும் சேர்ந்த பெட்டி ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். தன் கடிகாரத்தைக் கழற்றித் தம்பியிடம் நீட்டினார். தம்பி வாங்கவில்லை.

"எனக்கு எதுக்குங்க மணி. தண்ணி தீந்தா வேலை தீந்துது" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பு என்னை உட்காரவிடவில்லை. அதற்குப் பிறகு எந்த வேலையையும் முழுதாகச் செய்து முடித்த ஞாபகம் எனக்கு இல்லை. களை வெட்டப் போவேன், பாதியில் திரும்பிவிடுவேன். வெள்ளிதோறும் கோயிலுக்குப் போவதை நிறுத்தவில்லை. போய் நின்றால் அம்மன் முகத்தைப் பார்க்க முடியாது. சேலைக் கரையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வருவேன்.

மூன்றாவது வருஷம் அந்த ரிக்கு ஒரு மலைப்பாதையில் கவிழ்ந்தது. மச்சானுக்குத் தொடை எலும்பு முறிந்தது. தந்தி வந்தபோது தம்பியின் சம்சாரம் வாசலில் உட்கார்ந்து அழுதாள். எனக்குள் என்ன நடந்தது என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். ஒரு நிம்மதி. உள்ளே போய் அம்மன் படத்தின் முன் விழுந்து நன்றி சொன்னேன். ஒருவன் கால் ஒடிந்ததற்கு.

ஊர் சும்மா இருக்குமா. "ஆத்தா செவப்பக் குடுத்துக் காப்பாத்தீட்டா பாருங்க" என்று ஆரம்பித்தது. டீக்கடையில் ஆரம்பித்து, சந்தையில் ஏறி, பஸ்ஸில் போய், சேந்தமங்கலம் வரை பரவிவிட்டது. வண்டி கவிழ்ந்ததைச் சொன்னவர்கள் அதற்குப் பின் நடந்ததைச் சொல்லவில்லை. மச்சான் ஆறு மாதத்தில் எழுந்து நடந்தார். கால் கொஞ்சம் சாய்ப்புத்தான். இன்னொரு ரிக்கு வாங்கினார். பிறகும் ஒன்று. சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸில் மாடி வைத்து வீடு கட்டினார். கிரகப்பிரவேசத்துக்கு நாங்கள் எல்லாரும் போய் அவர் வீட்டு மொசைக் தரையில் வழுக்காமல் நடந்து பார்த்தோம். அதை யாரும் கோயில் வாசலில் பேசுவதில்லை.

வெள்ளிக்கிழமைகளில் கூட்டம் வர ஆரம்பித்தது. லாரி வாங்கலாமா, தறி போடலாமா, நிலத்தை விற்கலாமா என்று கேட்டு வந்தார்கள். பிறகு சின்னச் சாமான்களுக்கும் வந்தார்கள். ஒரு அம்மா பிரஷர் குக்கர் வாங்கப் பூக் கேட்டாள்.

"வெடிக்குதுன்னு சொல்றாங்க சாமி. ஊட்டுக்காரரு வாங்கியே தீருவேங்கறாரு. ஆத்தா என்ன சொல்றாளோ."

வெள்ளை வந்தது. அப்படியும் அவள் முகம் தெளியவில்லை. "இன்னொருக்காக் கேட்டுப் பாக்கலாமுங்களா?" என்றாள். டெலிவிஷனுக்குச் சிவப்பு வந்த ஒருவர் கலர் டெலிவிஷனுக்கு என்று மறுபடியும் கேட்டார். இதையெல்லாம் டீக்கடையில் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

சிரிக்க முடியாததும் ஒன்று உண்டு. ராசிபுரத்திலிருந்து ஒரு நெசவுக்காரர் வந்தார். கைத்தறியை விட்டு விசைத்தறிக்கு மாறலாமா என்று கேட்டார். அவர் குடும்பத்துக்கு மூத்தவர் அவர்தான். ஆனாலும் பொட்டலத்தை என்னைக் கட்டித் தரச் சொன்னார். "உங்க குடும்பத்துக்குத்தானுங்களே ஆத்தா வழி காட்டுனது. உங்க கைராசி" என்றார். ஒரு வெள்ளை, ஒரு சிவப்பு என்று மூன்று தடவை பார்த்துக் கட்டிக்கொடுத்தேன். சிவப்பு வந்தது. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். உண்மையாகக் கட்டிய பொட்டலம்தான். ஆனால் அவரை அங்கே வரவழைத்தது என் பொய்.

என் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். எண்பதுகளின் நடுவில் என் மகன் படிப்பை விட்டான். மச்சான் கூப்பிட்டார், அவருடைய ரிக்கில் வேலைக்குப் போனான். நான் பூக் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பஸ் ஏற்றிவிடப் போனபோது தம்பியும் வந்திருந்தான். என் மகன் நெற்றியில் திருநீறு வைத்து, "நல்லா இருக்கட்டுமுங்ண்ணா" என்று என்னிடம் சொன்னான். நான் மகனின் பையை எடுத்துப் பஸ்ஸுக்குள் வைக்கப் போனேன்.

மகன் அனுப்பினதில் கிரைண்டர் வந்தது. மேலே சுற்றுகிற விசிறி வந்தது. பிறகு டெலிவிஷன் வந்து, கூரைமேல் கம்பி நின்றது. என் அபிப்பிராயங்கள் ஒவ்வொன்றும் சாமானாக மாறி என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தன. டிரைவர் வீட்டுக்கே வந்து டெலிவிஷன் பார்த்தார். பழைய சபதத்தை ஞாபகப்படுத்துவார் என்று காத்திருந்தேன். "படம் தெளிவா உழுவுதுங்க" என்று மட்டும் சொன்னார். அவர் குத்திக்காட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதே வருஷங்களில் கிணறு வற்றிப்போனது. நான் மகனை நம்பி இருந்தேன். தம்பி போட்ட கடலைக்காயும் காய்ந்தது. நாமக்கல் பக்கம் ஒரு கோழிப் பண்ணைக்குக் கூலி வேலைக்குப் போனான். சாயங்காலம் வரும்போது அவன்மேல் கோழி எரு நாற்றம் வீசும். அதனால் என் வீட்டுத் திண்ணையில் உட்காராமல் வேப்ப மரத்தடியில் நின்றபடியே பேசுவான். ஒரு நாள் அப்படி நின்றுகொண்டு சொன்னான்.

"காட்டுல ஒரு போர் போட்டுப் பாக்கலாமுன்னு இருக்கறேனுங்ண்ணா. மச்சான் ரிக்கு அனுப்பறேங்கறாரு. ஆத்தாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போடலாம். நீங்களே பொட்டலம் கட்டுங்க."

"நான் எதுக்கு. நீயே கட்டு."

"மூத்தவரு நீங்க இருக்கறப்ப நானாங்ண்ணா?"

அந்த வெள்ளிக்கிழமை வருவதற்குள் எனக்கு இன்னொரு துர்ப்புத்தி தோன்றியது. இந்தத் தடவை இரண்டிலும் வெள்ளையை வைத்துக் கட்டிவிட்டால் என்ன? செய்ததற்கு ஈடு ஆகிவிடும் என்று மனம் கணக்குப் போட்டது. கிணற்று மேட்டில் அதே இடத்தில் உட்கார்ந்து, இரண்டு நந்தியாவட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தேன். கடைசியில் ஒன்றைக் கோயில் சுவரோரம் வைத்துவிட்டு, ஒரு வெள்ளை, ஒரு சிவப்பு என்று ஒழுங்காகவே கட்டினேன்.

பூசாரி குலுக்கிப் போட்டார். வேறு சின்னக் குழந்தை கிடைக்கவில்லை. "அன்னைக்கு எடுத்த புள்ளையே எடுக்கட்டும், கன்னிப் பொண்ணுதானே" என்றார். தம்பி மகளுக்கு அப்போது பதின்மூன்று, பதினாலு வயது இருக்கும். பாவாடை தாவணியில் நின்றாள். நகரவில்லை.

"எடு அம்மிணி" என்றான் தம்பி.

"நான் எடுக்க மாட்டேனுங்கப்பா."

"ஏன் கண்ணு?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அன்னைக்கு நான் பக்கத்துல இருந்த பொட்டலத்த எடுத்திருந்தா நீங்க வடக்க போயிருப்பீங்க. கோழி எரு அள்ளிட்டு இருக்க மாட்டீங்க. அம்மா அதச் சொல்லி ஒரு நாளும் என்னைத் திட்டுனதில்ல. ஆனா எனக்குத் தெரியும். என் கையி ஆகாது."

ஐந்து வயதில் என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, சிவப்பு நல்லதா என்று கேட்ட குழந்தை. இத்தனை வருஷமும் இதைச் சுமந்திருக்கிறாள்.

"உன் கையில ஒண்ணும் இல்ல சாமி" என்றேன். "நீ எத எடுத்திருந்தாலும் செவப்புத்தான். ரெண்டுலயும் நான் செவப்பத்தான் வெச்சுக் கட்டுனேன்."

பூசாரிக்கு முதலில் புரியவில்லை. மறுபடி சொன்னேன். இரண்டாம் தடவை சொல்வது முதல் தடவையைவிடக் கஷ்டமாக இருந்தது. டீக்கடையில் என் பேச்சு தாழ்ந்துவிடக் கூடாது என்று செய்தேன் என்பதையும் சொன்னேன். தம்பி என்னையே பார்த்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லது. அவன் கேட்டது ஒன்றுதான்.

"அந்த வெள்ளப் பூவ என்ன பண்ணுனீங்க?"

"ஊட்டுல சாமி படத்துக்கு வெச்சேன்."

"அப்ப சாமிக்குப் போயிருச்சு" என்றான். "எனக்குத்தான் வரல."

காலடியில் கிடந்த இரண்டு பொட்டலத்தையும் எடுத்தான். பூசாரி, "பிரிச்சுப் பாக்கறதானா..." என்று ஆரம்பித்தார். தம்பி பிரிக்கவில்லை. பின்னால் போய் இரண்டையும் கிணற்றில் போட்டான். மகளைக் கூப்பிட்டுக்கொண்டு நடந்தான். அவள் போகும்போது தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

பத்து நாளில் ரிக்கு வந்தது. அவன் பூவும் கேட்கவில்லை, நாளும் பார்க்கவில்லை. என்னைக் கூப்பிடவில்லை. வேலிக்கு இந்தப் பக்கமே நின்று பார்த்தேன். ரொம்ப ஆழம் வரை வெறும் புழுதிதான் பறந்தது. வேப்ப மரமெல்லாம் வெள்ளையாகிவிட்டது. பிறகு ஈரம், பிறகு அரை இஞ்சுக் கனத்தில் கொஞ்சம் தண்ணி. டீக்கடையில், பூக் கேட்காமல் போட்டதால்தான் அரை இஞ்சு என்றார்கள். தம்பி அங்கே வந்து, "அரை இஞ்சு போதுமுங்க" என்று சொல்லிவிட்டு டீ குடித்தானாம். டிரைவர்தான் எனக்குச் சொன்னார். நான் அந்தப் பெஞ்சுக்குப் போவதை நிறுத்தியிருந்தேன்.

அவன் என்னோடு பேசாமல் இல்லை. பார்த்தால் எழுந்து நிற்பான். "வாங்க, உக்காருங்க" என்பான். கிளம்பும்போது "வாரேனுங்க" என்பான். முன்பெல்லாம் எதைச் சொன்னாலும் கடைசியில் அண்ணா என்று ஒன்று வரும். அது மட்டும் வரவில்லை. இன்றைக்கும் எதிரே வந்தால், அவன் பேசி முடிக்கும்போது சற்று நின்று காத்திருக்கிறேன். அவனும் அதைக் கவனிக்கிறான் என்றே நினைக்கிறேன்.

சொல்லிவிட்டதால் மனம் ஆறியிருக்கும் என்று நினைப்பீர்கள். அதற்கும் ஊர் வழிவிடவில்லை. நான் ஒப்புக்கொண்ட அன்றே பூசாரி கோயில் வாசலில் சொல்ல ஆரம்பித்துவிட்டார். "ஆத்தாதான் அவரு கையில எறங்கி ரெண்டுலயும் செவப்ப வெக்கச் சொல்லீருக்கா. தம்பியக் காப்பாத்தோணுமுன்னு அவ நெனச்சது அவ்வளவு உறுதி." கேட்டவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கூட்டம் அதிகமாகிவிட்டது. நான் எதிரே போய் மறுத்தால், பெரிய மனுஷனின் தன்னடக்கம் என்கிறார்கள். என் பேரனுக்கே அந்தக் கதை அப்படித்தான் தெரியும். என் பாவத்தை அம்மன் தலையில் ஏற்றி, அவளுக்குச் சந்தனமும் பூசிவிட்டார்கள்.

அதனால்தான் நோட்டை எடுத்தேன். எனக்கு அம்மன்மேல் பக்தி குறையவில்லை. இப்போதும் அவள் முகத்தைப் பார்க்க மெதுவாகப் பழகிக்கொண்டிருக்கிறேன். செய்யாத ஒன்றை அவள் செய்ததாகச் சொல்வதைத்தான் தாங்க முடியவில்லை.

இதைப் படிக்கிறவர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்று. யாரிடமாவது சொல்வதாக இருந்தால், இருக்கிறபடி சொல்லுங்கள். வண்டி கவிழ்ந்ததைச் சொன்னால் ஃபேர்லேண்ட்ஸ் வீட்டையும் சொல்லுங்கள். தம்பியின் கோழிப் பண்ணையைச் சொன்னால் என் வீட்டு டெலிவிஷனையும் சேர்த்துச் சொல்லுங்கள். ராசிபுரத்து நெசவுக்காரரை உங்களில் யாருக்காவது தெரிந்திருந்தால், அவரிடம் முதலில் சொல்லுங்கள். என்னை நல்லவனாக்கவும் வேண்டாம், இதைவிடக் கெட்டவனாக்கவும் வேண்டாம். அம்மன் என் கையைப் பிடித்தாள் என்று மட்டும் தயவுசெய்து சேர்க்காதீர்கள். அன்று அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவளை யாரும் கேட்கவே இல்லை. இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு, கட்டியது நான்.